பதினொரு மணிக்குப் பரீட்சை

"நூறு... தொண்ணூத்திமூணு... எண்பத்தாறு... எழுபத்தொம்பது..."

மருமகள் கண் விழித்ததே இந்தச் சத்தத்தில்தான். குளியலறைக் கதவுக்குப் பின்னால், மாமனார் முகச்சவரம் செய்துகொண்டே நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டிருந்தார். பத்து நாளாக வீட்டில் இதே பாட்டுத்தான்.

"...பதினாறு, ஒம்பது, ரெண்டு. அதுக்குக் கீழ தரை!" என்று வெற்றிக் குரல் கொடுத்துவிட்டுக் குழாயைத் திறந்தார்.

எண்பத்து நான்கு வயதில் அவர் இப்படி மாய்ந்து மாய்ந்து படிப்பதற்குக் காரணம் அவர் பெற்ற மகள். இரண்டு வாரத்துக்கு முன்னால், மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க மனுக் கொடுத்துவிட்டாள். மனு போனால் நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார். நடக்கச் சொல்வார், நிற்கச் சொல்வார், கேள்வி கேட்பார். இவர் வீட்டிலேயே இருக்கலாமா, இல்லத்துக்குப் போக வேண்டியவரா என்று எழுதிக் கொடுப்பார். அந்த அதிகாரி வருவது இன்றைக்கு, பதினொரு மணிக்கு.

அதிலும் ஒரு வேடிக்கை. மகள் தேர்ந்தெடுத்த இல்லம் வேறெதுவும் இல்லை. மருமகள் பதினெட்டு வருடமாக நர்ஸாக வேலை பார்க்கும் அதே இல்லம்தான்.

கேள்விகள் முன்கூட்டியே வெளியானது கீழ் வீட்டுத் தபால்காரர் உபயம். போன வருடம் இதே பரீட்சையில் தோற்றுப் போனவர் அவர். பெட்டியைக் கட்டிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போகும்போது, "ஏழேழா கழிக்கச் சொல்வாங்கய்யா. நான் எண்பத்தாறுல விழுந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குளியலறையிலிருந்து வெளியே வந்த மாமனார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். எல்லாப் பொத்தானும் சரியாகப் பூட்டியிருந்தது.

"என்ன கிழமை?" என்றார், அவளைப் பார்த்து.

"மாமா, கேள்வி கேக்கறது அவங்க வேலை."

"உனக்குத் தெரியுதான்னு பாக்கறேன். வியாழக்கிழமை. நீ எழுந்திருக்கும்போதே குழம்பிப்போயித்தான் எழுந்திருக்கற. உன்னத்தான் ஹோம்ல போடணும்."

அவள் சிரித்துவிட்டாள். சமையலறைக்குப் போனதும் முதல் வேலையாக அடுப்புக் குமிழைத் திருப்பிப் பார்த்தாள்.

அவளுக்கும் மாமனாருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது. எதிர் மனையில் பத்து மாடிக் கட்டிடம் எழும்புகிறது; அங்கே ஒரு பெரிய கிரேன். துறைமுகத்தில் முப்பத்துநாலு வருடம் கிரேன் ஓட்டியவருக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு பால்கனிக்குப் போனவர், எதிரே கிரேன் ஓட்டுகிறவனின் கைத்திறனில் குற்றம் கண்டுபிடிப்பதிலேயே ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துவிட்டார். தண்ணீர் வற்றி, கெட்டில் காய்ந்து, கைப்பிடி உருகி, ஜன்னல் திரையின் ஓரத்தில் நெருப்பு பிடிக்க ஆரம்பித்த நேரத்தில், தலைவலி என்று ஒரு மணி நேரம் முன்னதாக வீடு திரும்பிய மருமகள் கதவைத் திறந்தாள்.

தலைவலி வந்திருக்காவிட்டால்?

அந்தக் கேள்வியோடுதான் மூன்று வாரமாகத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறாள். கெட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் எங்கோ போட்டாள். அதே மாதிரி இன்னொன்று வாங்கி வைத்தாள். திரையைக் கருகிய இடத்துக்கு மேலே வெட்டி மடித்துத் தைத்தாள். "இது நமக்குள்ள இருக்கட்டும்மா" என்று அவர் சொன்னார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டார்.

பத்து மணிக்கு நாத்தனார் வந்து சேர்ந்தாள்.

நாலு மணி நேர ரயில் பயணம். நாத்தனாருக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எத்தனையாவது பிளாட்ஃபாரத்துக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவளுடையது. வீட்டிலும் அப்படித்தான் பேசுவாள், மூன்று பிளாட்ஃபாரத்துக்கும் கேட்கிற மாதிரி.

"அப்பா எங்க? சாப்பிட்டாரா? மாத்திரை போட்டாரா?"

"ரூம்ல நடந்து பழகறாரு. ஆபீஸர் வர்ற வரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாதாம்."

நாத்தனார் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். மருமகள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் குரல் ஒரு பிளாட்ஃபாரம் குறைந்தது.

"என்மேல இன்னும் கோவமா அண்ணி?"

"கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல." நாத்தனார் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று தானும் நறுக்கத் தொடங்கினாள். "அது நல்ல ஹோம்னு நீங்களேதான சொல்வீங்க?"

"நல்ல ஹோம்தான்."

"அப்புறம் என்ன?"

இல்லத்தைக் குறை சொல்ல மருமகளுக்கு வாய் வராது. அங்கே பட்டினியும் படுக்கைப் புண்ணுமாக வந்து சேர்ந்த ஓர் அம்மா, இன்றைக்குச் சீட்டாட்டத்தில் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டு ஆரோக்கியமாக உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் விட்டிருந்தால் அந்த அம்மா போய்ச் சேர்ந்து வருடக்கணக்காகியிருக்கும். அதையும் மருமகள் கண்ணால் பார்த்திருக்கிறாள். இதையும் பார்த்திருக்கிறாள்:

"நடந்து வர்றவங்க மூணு மாசத்துல நாற்காலில உக்காந்துடறாங்க. யாரும் கொடுமை பண்றதில்ல. மத்தியானத்துக்கு மேல முப்பது பேருக்கு நாங்க ரெண்டு பேரு. ஒருத்தரை கைபிடிச்சு கழிவறைக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனா பத்து நிமிஷம். சக்கர நாற்காலில தள்ளிட்டுப் போனா ரெண்டு நிமிஷம். நானே தள்ளியிருக்கேன். உங்கப்பா இன்னிக்கு ரெண்டு மாடி ஏறி இறங்கறாரு."

"விழுந்தாருன்னா?"

"அங்கயும்தான் விழறாங்க."

"அங்க விழுந்தா தூக்க ஆளு இருக்கு!" நாத்தனாரின் கத்தி பலகையில் டக்கென்று நின்றது. "அண்ணி, நீங்க எட்டு மணி நேரம் அங்க ஊரார் பெத்தவங்களைத் தூக்கறீங்க. வீட்டுக்கு வந்து எங்கப்பாவைத் தூக்கறீங்க. உங்களுக்கு அம்பத்தேழு வயசு. முட்டியில பட்டை போட்டுக்கிட்டு நடக்கறீங்க. நாளைக்கு உங்களை யாரு தூக்குவா?"

மருமகள் அடுத்த காயை எடுத்தாள். கணவன் போய் ஆறு வருடம். பிள்ளை இல்லை. கணவன் போன பிறகு அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். போகவில்லை. மாமனாரும் அவளும் ஒரே மனிதனை இழந்தவர்கள். அந்த இழப்பை மற்ற எல்லோரிடமும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது, இவரிடம் வேண்டியிருக்கவில்லை. அதை நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது?

"நான் போன் அடிச்சு அவர் எடுக்கலன்னு வைங்க," என்றாள் நாத்தனார், இப்போது முழுவதும் தணிந்த குரலில். "நாலு மணி நேர தூரத்துல உக்காந்துகிட்டு அந்தப் பத்து நிமிஷம் நான் எப்படி இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது."

அழைப்பு மணி அடித்தது. சரியாகப் பதினொன்று.

அதிகாரி குள்ளமான பெண்மணி. நாற்பது வயதிருக்கும். தோளில் பெரிய பை, மூக்கில் கடும் ஜலதோஷம். ரெண்டு மாடி ஏறி வந்ததில் வாசற்படியிலேயே மூச்சு வாங்கினார்.

"உக்காருங்க, உக்காருங்க," என்றார் மாமனார், தாராள மனதோடு. "பழகிப்போயிடும். நான் தினம் ரெண்டு தடவ ஏறுறேன்."

முதல் மதிப்பெண் அவருக்கு. அதிகாரி கைக்குட்டைக்குப் பின்னால் சிரித்ததை மருமகள் கவனித்தாள்.

பரீட்சை ஆரம்பித்தது. இன்று என்ன தேதி, என்ன கிழமை? சொன்னார். மாதம், வருடம்? சொன்னார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியுமா? எழுந்தார். முட்டி ஒன்று பட்டாசு மாதிரி வெடித்தது. அதைக் கேட்காத மாதிரி நின்றார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். திரும்பும் இடத்தில் சுவரைத் தொடவில்லை. பத்து நாள் பயிற்சியில் அந்த ஒரு திருப்பத்துக்காக மட்டும் எத்தனை தடவை நடந்தார் என்று மருமகளுக்குத்தான் தெரியும்.

"சரி," என்று அதிகாரி தாளைப் புரட்டினார். "நூறுலேர்ந்து கழிச்சுக்கிட்டே வாங்க."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்குத்தானே காத்திருந்தார்!

"மூணு மூணா."

மாமனாரின் முகம் தொங்கிவிட்டது.

"மூணா?"

"மூணு."

"ஏழு இல்லையா?"

"ஏழு ஏன்?"

"இல்ல... ஏழு நல்ல நம்பர். அது என்ன தப்பு பண்ணுச்சு?"

நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாமனார் கண்ணை மூடினார். "தொண்ணூத்தியேழு. தொண்ணூத்திநாலு. தொண்ணூத்தியொண்ணு. எண்பத்தி... எட்டு." நெற்றியில் ஒரு முத்து வியர்வை. மருமகளின் உதடு தன்னையறியாமல் அசைந்தது. வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "எண்பத்தஞ்சு. எண்பத்திரெண்டு. எழுபத்தொம்பது. இன்னும் வேணுமா?"

"போதும்யா. கடைசியா ஒண்ணு. எனக்கு ஒரு டீ போட்டுத் தர்றீங்களா?"

அதிகாரி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மாமனார் டீ போட்டார். அளந்து தண்ணீர் ஊற்றினார். அடுப்பைப் பற்ற வைத்தவர் அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. கொதித்ததும் அணைத்தார். குமிழைத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு தடவையும் திருப்பிப் பார்த்தார். நான்கு கோப்பையில் ஊற்றி, ஒரு சொட்டு சிந்தாமல் தட்டில் கொண்டுவந்தார். அந்தக் கை ஒரு காலத்தில் இருபது டன் பெட்டியைக் கப்பலின் மூலையில் பூ வைப்பது மாதிரி வைத்த கை.

"ஜலதோஷத்துக்கு நல்லது," என்று முதல் கோப்பையை அதிகாரியிடம் நீட்டினார்.

அவர் வென்றுவிட்டார். அறையில் இருந்த நால்வருக்கும் அது தெரிந்தது. நாத்தனாரின் முகம் வெளுத்தது. மாமனார் மருமகளைப் பார்த்து லேசாக ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

அதிகாரி டீயைக் குடித்துக்கொண்டே கடைசித் தாளை எடுத்தார். "இது வீட்டுல கூட இருக்கறவங்களுக்கு. எல்லாருகிட்டயும் கேக்கறதுதான். கடந்த ஆறு மாசத்துல நெருப்பு, கேஸ், தண்ணீர்க் குழாய், வெளிய போயி வழி தெரியாம நின்னது, இந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கா?"

பேனா 'இல்லை' என்ற கட்டத்தின் மேலேயே போய் நின்றது. டிக் போட வேண்டியதுதான் பாக்கி.

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். நிம்மதியாக இருந்தார். பத்து நாளில் இப்போதுதான் அவர் தோள்கள் தளர்ந்திருந்தன. ஒரு 'இல்லை' சொன்னால் போதும். அவர் அவருடைய அறையில், அவருடைய பால்கனியில் இருப்பார். அவள் நாளைக் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போவாள். சாயங்காலம் நாலு மணிக்குத் தெரு முனையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, முதலில் ரெண்டாவது மாடி ஜன்னலைப் பார்ப்பாள், புகை வருகிறதா என்று. நாளைக்கும் பார்ப்பாள். நாளை மறுநாளும்.

"ஒண்ணு நடந்தது," என்றாள்.

"ம்மா," என்றார் மாமனார்.

"மூணு வாரம் முன்னாடி. அடுப்புல கெட்டிலை வச்சிட்டு பால்கனில இருந்துட்டாரு. கெட்டில் எரிஞ்சு திரையில பிடிச்சுது. நான்தான் வந்து அணைச்சேன். நான் வர வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வந்ததாலதான் அணைக்க முடிஞ்சுது. அதை மறைச்சதும் நான்தான். புது கெட்டில் வாங்கி வச்சேன். அந்தத் திரையைப் பாருங்க, ஒரு ஜாண் குட்டையா இருக்கும்."

எதிர்மனையில் கிரேன் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

மாமனார் கோப்பையை மேசையில் வைத்தார். எழுந்தார். கையை ஊன்றித்தான் எழுந்தார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அண்ணி!" நாத்தனார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "என்கிட்ட தினம் போன்ல பேசினீங்களே. தினம்! 'அப்பா நல்லா இருக்காரு'ன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். தப்புதான். உன்கிட்ட சொன்னா நீ அவரைக் கூட்டிட்டுப் போயிடுவியோன்னு பயந்தேன்."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிதானமாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "நான் பாக்கற பத்து வீட்டுல ஒம்பது வீட்டுல 'இல்ல'ன்னுதான் சொல்வாங்க," என்றார்.

"எழுதிட்டீங்களா? இப்ப நான் சொல்றதையும் எழுதுங்க." மருமகள் நாற்காலியை இழுத்து அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்தாள். "அவர் வீட்டுல இருக்கணும்னு நான் சொல்றேன். ஆனா தனியா இருக்கக் கூடாது. தானா அணையற அடுப்பு இருக்குன்னு தெரியும், அதை மாட்டணும். நான் பகல் ஷிஃப்ட்ல பாதிதான் பாப்பேன்னு இன்னிக்கே எழுதிக் குடுக்கப் போறேன். நான் இல்லாத நேரத்துக்கு உங்க ஆபீஸ்லேர்ந்து ஆள் அனுப்பற திட்டம் ஒண்ணு இருக்கு. எங்க ஹோமுக்கு வர்ற எல்லாக் குடும்பமும் அது கிடைக்காமத்தான் வருது. எனக்கு அது வேணும். கிடைக்கற வரைக்கும் தினம் உங்க ஆபீஸ் வாசல்ல வந்து உக்காருவேன். உக்காந்து பழக்கம் இல்ல, ஆனா பழகிக்குவேன்."

அதிகாரி தாளின் மறுபக்கத்தைத் திருப்பினார்.

"ஆள் வர நாலு வாரம் ஆகும். அதுவரைக்கும் அவர் ஒரு மணி நேரம் கூடத் தனியா இருக்கக் கூடாதுன்னு எழுதுவேன். நாலு வாரம் கழிச்சு நானே வந்து திரும்பப் பாப்பேன். இல்லன்னா, திங்கக்கிழமையே ஹோம்ல இடம் தயார். ரெண்டுல ஒண்ணு."

"நான்தான் பொண்ணு. நான் கையெழுத்து போடணுமா?" என்றாள் நாத்தனார்.

"வேண்டாம்."

"அண்ணி போடணுமா?"

"அவங்களும் வேண்டாம். உங்கப்பாவுக்குத் தேதி தெரியுது, கணக்கு தெரியுது, நல்லா டீ போடத் தெரியுது. முடிவு அவரோடது. ஃபாரத்துல முதல் வரியே அதான். அதை யாரும் படிக்கறதில்ல." அதிகாரி பேனாவை மூடினார். "போயி கூப்பிடுங்க. நான் டீயைக் குடிச்சு முடிக்கறேன்."

நாத்தனாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வாரமாகப் போனில் சண்டை போட்டார்கள், அழுதார்கள். இத்தனைக்கும் நடுவில், உங்களுக்கு என்ன வேண்டும் என்று அந்த மனிதரை உட்கார வைத்து ஒரு தடவை கேட்கவில்லை இருவரும்.

மருமகள் போய்க் கதவைத் தட்டினாள்.

"மாமா."

கதவைத் தள்ளிப் பார்த்தாள். தாழ் போடவில்லை. கட்டிலில் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"நீ சொல்லலன்னா நான் பாஸு," என்றார் திரும்பாமலேயே.

"ஆமா மாமா. பாஸ்தான்."

"மூணு மூணா கழிச்சேன். படிக்காதது. அதையும் கழிச்சேன்."

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"தினமும் பஸ்ஸ விட்டு இறங்கும்போது ஜன்னலைப் பாத்துக்கிட்டே வரேன் மாமா. புகை வருதான்னு. ஒருத்தரை ஏற்கெனவே பறிகொடுத்துட்டேன். இன்னொரு தடவ என்னால முடியாது."

அவர் சுவரைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

"என் சிநேகிதன் ஒருத்தன் இருந்தான். பக்கத்து கிரேன். அவன் கிரேன்ல கம்பிவடத்துல ரெண்டு இழை பிஞ்சிருந்துது. 'சாயங்காலம் மாத்திக்கலாம்டா, மேல சொல்லாத'ன்னான். கீழ இருபது பேரு வேலை பாக்கறாங்க. நான் போயி மேல சொல்லிட்டேன். அவனை ஆறு மாசம் வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. பதினோரு வருஷம் அவன் என்கூடப் பேசல."

மருமகள் கதவருகிலேயே நின்றாள்.

"நான் சொன்னது சரி. அவன் பேசாம இருந்ததும் சரிதான்னு எனக்கு இப்பத்தான் புரியுது." திரும்பி அவளைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "அதனால நானும் உன்கூடப் பேச மாட்டேன்."

"எத்தன நாளைக்கு?"

"பதினோரு வருஷம் என் கையில இல்ல. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பேச மாட்டேன்."

எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவளைத் தாண்டிக் கூடத்துக்கு நடந்தார்.

அதிகாரி இரண்டையும் அவருக்கு விளக்கிச் சொன்னார். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் மகளைப் பார்த்தார்.

"நீ சொல்லு. நான் ஹோமுக்குப் போனா நீ நிம்மதியா இருப்பியா?"

"தெரியலப்பா," என்றாள் நாத்தனார். "நிம்மதியா இருப்பேன்னு நினைச்சுதான் மனுக் கொடுத்தேன். இப்ப தெரியல."

"எனக்கும் தெரியல. அந்த ஹோம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. பதினெட்டு வருஷமா இந்த வீட்டுலேர்ந்து ஒருத்தி தினம் அங்க போறா. நான் ஒரு நாள் எட்டிப் பாத்ததில்ல, பயம்." அதிகாரியிடம் கையை நீட்டினார். "பேனாவைக் குடுங்க. நாலு வாரம் வீட்டுல. தனியா இருக்க மாட்டேன். அடுப்பு பக்கம் நான் தனியா போக மாட்டேன், புது அடுப்பு வந்தாலும். ஆனா வாரத்துல ஒரு நாள் அந்த ஹோம்ல போயி காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உக்காருவேன். நீங்க என்னைப் பரீட்சை பண்ணீங்க. நான் அவங்களைப் பண்றேன். நாலு நாளு உக்காந்து பாத்துட்டு, எங்க இருக்கணும்னு நானே சொல்றேன். எழுத முடியுமா இதை?"

"கீழ காலியிடம் இருக்கு. உங்க கையாலேயே எழுதுங்க."

எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. கையெழுத்தை மட்டும் நிதானமாக, கடைசிப் புள்ளிவரை வைத்தார்.

"இந்த நாலு வாரம் பகல்ல யாரு இருப்பா?" அதிகாரி கட்டத்தைக் காட்டினார். "ஒரு பேரு வேணும்."

மருமகள் வாயைத் திறப்பதற்குள், "நான் இருக்கேன்," என்றாள் நாத்தனார்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீயா?" என்றார் மாமனார். "உன் வேலை? உன் வீட்டுக்காரர்?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்பா." ஒரு பிளாட்ஃபாரத்துக்குக் கூடக் கேட்காத குரலில் சொன்னாள். "என் பேரை எழுதிக்குங்க மேடம்."

அதிகாரி போன பிறகு மருமகள் சாப்பாடு எடுத்து வைத்தாள். மூவரும் உட்கார்ந்தார்கள். மாமனார் ஒரு வாய் வைத்தார். மென்றார். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானச் சாப்பாடுதான், சந்தேகமில்லை.

"உப்பு கம்மி," என்றார் மருமகளைப் பார்த்து.

அவள் எழுந்து உப்பை எடுக்கப் போனாள். சமையலறைக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, நாத்தனார் தங்குவதற்குச் சின்ன அறையைத் தயார் செய்ய மருமகள் போனாள். போர்வையை உதறிப் போட்டாள். வாசலில் கிடந்த நாத்தனாரின் பெட்டியை உள்ளே எடுத்து வைக்கலாம் என்று தூக்கினாள். தூக்க முடியவில்லை. காலை வந்து மாலை திரும்புவதாகச் சொல்லிவிட்டு வந்தவளின் பெட்டி. இரண்டு கையாலும் அறைக்குள் இழுத்தாள். பழைய ஜிப் பிரிந்து பெட்டி வாயைத் திறந்தது.

மேலே குளிர்காலக் கோட்டு. அதற்குக் கீழே அடுக்கடுக்காகத் துணிகள், செருப்பு, மருந்துச் சீட்டுகள், நாத்தனாரின் படிப்புச் சான்றிதழ்கள் இருந்த அட்டைக் கோப்பு.

நிமிர்ந்தபோது நாத்தனார் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இது நாலு வாரத்துக்குக் கொண்டுவந்த பெட்டி இல்லையே," என்றாள் மருமகள்.

நாத்தனார் உள்ளே வந்து, கதவை ஓசைப்படாமல் சாத்தினாள். கூடத்தில் அப்பா பால்கனிக்குப் போகும் காலடிச் சத்தம் தேய்ந்து அடங்கும் வரை காத்திருந்தாள்.

"மனுக் கொடுத்தது அப்பாவுக்காக மட்டும் இல்ல அண்ணி," என்றாள். "நான் இனி என் வீட்டுக்குத் திரும்பிப் போகப் போறதில்ல. அவர் ஹோமுக்குப் போயிட்டா அவரோட அறையில நான் இருந்துக்கலாம்னு நினைச்சேன்."